ஐஸ் ஆலை மோட்டாரில் 62 வோல்ட்: எர்த் குழி நன்றாக இருந்தும் ஷாக் ஏன்?

முதுநகர் ஐஸ் ஆலை:
வணக்கம். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்கு அருகே உள்ள ஓர் ஐஸ் ஆலையில் மேற்பார்வை பார்க்கிறேன். உப்புநீர்த் தொட்டியைக் கலக்கும் அஜிடேட்டர் மோட்டாரைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதாக ஐஸ் கேன் தூக்கும் ஆட்கள் சொல்கிறார்கள். மல்டிமீட்டரில் மோட்டாருக்கும் தொட்டிக்கும் இடையே 62 வோல்ட் காட்டுகிறது. எர்த் குழியைப் போன மாதம்தான் அளந்தோம், 1.1 ஓம். முதலாளி இன்னொரு குழி தோண்டலாம் என்கிறார். அவர்கள் நாள் முழுவதும் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

தட்டாஞ்சாவடி ஒர்க்‌ஷாப்:
குழியில் உப்பும் கரியும் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் பட்டறையில் கோடையில் அப்படித்தான் செய்வோம்.

சேதராப்பட்டு எலக்ட்ரீஷியன்:
தண்ணீர் ஊற்றும் வேலை பிறகு இருக்கட்டும். முதலில் அந்த மோட்டாரை ஐசொலேட்டரில் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சில்) நிறுத்திப் பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

உப்பனாற்றங்கரையில் நிலத்தடி நீரே உப்பு. மண்ணின் மின்தடை குறைவாக இருப்பதால் குழியின் அளவு நன்றாகத்தான் வரும். அந்த 1.1 ஓம் குழியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மோட்டார் அந்தக் குழியோடு சேர்ந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. குழியில் எண் நன்றாக வரக் காரணமான அதே உப்புதான் மோட்டாரைக் குழியோடு இணைக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைத் தின்கிறது. எனக்குச் சந்தேகம் பட்டையின் மேல்தான். மின்சாரத்தை நிறுத்திய பின் மோட்டாரின் உடலிலிருந்து பேனலில் எர்த் பட்டைகள் சேரும் எர்த் பார் வரை இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். துருவில் ஒரு நூலளவு உலோகம் மிஞ்சியிருந்தாலும் அது நல்ல எண்ணையே காட்டும். பட்டை தரைக்குள் நுழையும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். பிறகு மோட்டாரை 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவியில்) சோதியுங்கள்.

முதுநகர் ஐஸ் ஆலை:
ஐயா சொன்னபடியே பார்த்தோம். பட்டை கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் பெயின்ட் மட்டும்தான் மிச்சம். உள்ளே முழுதும் துருவாகி அறுந்துபோயிருக்கிறது. இரண்டாவது எர்த் என்று நினைத்திருந்த பட்டையும் அதே போல்ட்டில் சேர்ந்து அதே வழியாகத்தான் போகிறது. மெகரில் ஒரு வைண்டிங் உடலோடு 0.2 மெகா ஓம். மோட்டாரைக் கழற்றிவிட்டோம்.

சேதராப்பட்டு எலக்ட்ரீஷியன்:
நல்ல நேரத்தில் பார்த்தீர்கள், தம்பி. 0.2 மெகா ஓம் வழியாக 230 வோல்ட் கசிந்தால் ஒரு மில்லி ஆம்பியரைச் சற்றே தாண்டும். அதுதான் அந்தச் சுருக். இன்சுலேஷன் முழுதாக உடைந்திருந்தால் நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று வைத்தாலும் 230 மில்லி ஆம்பியர். ஆள் பிழைப்பது அரிது.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் மோட்டார் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு கேட்கின்றன. ஒரே போல்ட்டில் கட்டிய இரண்டு பட்டை ஒன்றுதான். ஒன்று அறுந்தால் மற்றது காக்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்த விதி?

தட்டாஞ்சாவடி ஒர்க்‌ஷாப்:
சரி, பட்டையை மாற்றி, குழியும் 1.1 ஓம் இருந்தால், மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்சான எம்சிபி விழுந்துவிடும் அல்லவா?

சேதராப்பட்டு எலக்ட்ரீஷியன்:
பழுதில் ஓடும் மின்சாரம் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப மண்ணை மட்டும் நம்பினால் உடனே விழாது. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை மண்ணோடு இணைக்கும் நியூட்ரல் எர்த் 1 ஓம் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 2.1 ஓம், பழுதில் ஓடுவது சுமார் 110 ஆம்பியர். 32 ஆம்பியர் சி வகை எம்சிபி நொடியில் விழ 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். அது சூடேறி விழும்வரை மோட்டாரின் உடலில் 120 வோல்ட் நிற்கும். எத்தனை குழி தோண்டினாலும் டிரான்ஸ்பார்மர் பக்கத்து 1 ஓம் அப்படியே இருக்கும், 230 ஆம்பியரைத் தாண்டாது. சொந்த டிரான்ஸ்பார்மர் இருந்தால் எர்த் பட்டை உலோக வழியாகவே நியூட்ரல் எர்த்தோடு சேர வேண்டும். மின்வாரிய எல்டி (குறைந்த அழுத்த) இணைப்பு என்றால் ஆர்சிசிபி (சிறு கசிவிலேயே மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) கட்டாயம் போடுங்கள். ஆலைக்குள் நியூட்ரலை மோட்டார் உடலில் கட்டும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்.

முதுநகர் ஐஸ் ஆலை:
எங்களுடையது எல்டி இணைப்பு. புதிய பட்டைகளைச் செம்பில் போடலாமா?

சேதராப்பட்டு எலக்ட்ரீஷியன்:
போடலாம். ஆனால் செம்பும் ஜிஐயும் நேராகத் தொடும் இணைப்பு உப்புக் காற்றில் முதலில் அரிக்கும். பட்டைகள் சேரும் முனையில் வெள்ளீயம் பூசிய லக் (இணைப்புத் துண்டு) போடுங்கள். பட்டையைத் தரைக்குள் புதைக்காமல் சுவரோரம் கண்ணுக்குத் தெரியும்படி கொண்டுபோங்கள். உப்புநீர்த் தொட்டி, அமோனியா குழாய், ஐஸ் கேன் தூக்கும் ஹாய்ஸ்ட் தண்டவாளம் எல்லாவற்றையும் அதே எர்த் பாரில் இணையுங்கள். அப்போதுதான் ஒரு கை மோட்டாரிலும் மறு கை தொட்டியிலும் இருந்தாலும் வோல்ட் வித்தியாசம் வராது.

முதுநகர் ஐஸ் ஆலை:
முதலாளி ஒப்புக்கொண்டார். குழி தோண்ட வைத்திருந்த பணம் பட்டைக்கும் ஆர்சிசிபிக்கும் போகிறது. மற்ற மோட்டார்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி மெகரில் பார்க்கிறோம். கம்ப்ரசரிலும் ஒரு பட்டை தரையோரம் இளைத்திருக்கிறது. வேலை முடிந்ததும் தொட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே மறுபடி அளந்து இங்கேயே எழுதுகிறேன்.