சளி, தொண்டை வலிக்கு மெடிக்கலில் கொடுத்த மாத்திரையோடு டோலோவும் போடலாமா?

கேள்வி: குடியாத்தம் தறிக்காரன்

வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. நாலு நாளாகச் சளி. முதலில் தும்மல், மூக்கு ஒழுகல், அப்புறம் தொண்டை பிடித்துக்கொண்டது. எச்சில் விழுங்கினாலே முள் குத்துகிற மாதிரி இருக்கிறதாம். இந்த மார்கழிப் பனியில் விடிவதற்கு முன்னால் எழுந்து கோலம் போட வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

தெருமுனை மெடிக்கலில் சளி, தொண்டை வலி, உடம்பு வலி என்று சொன்னேன். பேப்பர் கவரில் மூன்று நாளைக்கு மாத்திரை போட்டுக் கொடுத்தார்கள். மஞ்சள் மாத்திரை மூன்று வேளை, ஆரஞ்சு மாத்திரை காலையும் இரவும். ராத்திரி உடம்பு கணகணவென்று இருந்ததால் வீட்டில் இருந்த டோலோ 650-ஐயும் மூன்று வேளை கொடுத்தேன். இரண்டு நாளாக இப்படித்தான். இன்று வயிறு எரிகிறது என்கிறார், கஞ்சிகூட வேண்டாமாம். பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் பிரிகிற மருந்தும் சேர்ந்த மாத்திரை தினமும் போடுகிறார். டோலோவை நிறுத்தவா, கடை மாத்திரையை நிறுத்தவா?

பதில்: சத்துவாச்சாரி அக்கா

தம்பி, பயப்படாதீங்க. டோலோ ஒன்றும் செய்யாது, எங்கள் வீட்டில் எல்லாரும் போடுவோம். தூதுவளை ரசம் வைத்துக் கொடுங்க, பாலில் மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் போட்டு ராத்திரி கொடுங்க. தொண்டை இதமாகும்.

பதில்: பழைய பார்மசிஸ்ட், வேலூர்

அக்கா சொன்ன ரசமும் பாலும் நல்லதுதான். டோலோ ஒன்றும் செய்யாது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பி, அந்த அட்டைத் துண்டுகளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். செல்போன் டார்ச் அடித்துப் படித்து, இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்கள். அதுவரை எதையும் கொடுக்க வேண்டாம்.

பதில்: குடியாத்தம் தறிக்காரன்

வெட்டின இடத்தில் பெயர் பாதி போய்விட்டது சார். இரண்டு துண்டைச் சேர்த்து வைத்துப் படித்தேன். மஞ்சளில் பாராசிட்டமால் 500, குளோர்பெனிரமின், பினைல்எப்ரின். ஆரஞ்சில் அசிக்ளோபெனாக் 100, பாராசிட்டமால் 325.

பதில்: பழைய பார்மசிஸ்ட், வேலூர்

நினைத்தது சரிதான். டோலோவும் பாராசிட்டமால்தான். கணக்குப் போடுங்கள். டோலோ மூன்று, 1950. மஞ்சள் மூன்று, 1500. ஆரஞ்சு இரண்டு, 650. மொத்தம் 4100 மில்லிகிராம். திடகாத்திரமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4000-ஐத் தாண்டக் கூடாது. வயதானவர், அதுவும் சாப்பிடாமல் இருப்பவர் என்றால் அவ்வளவும் போகவே கூடாது. ஈரல்தான் அடி வாங்கும். முதல் ஒன்றிரண்டு நாள் வெளியே பெரிதாகத் தெரியாது என்பதுதான் இதில் கஷ்டம்.

அதைவிட எனக்கு அந்த ஆரஞ்சு மாத்திரைதான் கவலை. அசிக்ளோபெனாக், டைக்ளோபெனாக், இப்யூபுரூபென் எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை இரண்டும் போடுகிறவர் இதையும் சேர்த்துப் போட்டு, சரியாகத் தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீரகம் திணறிப் போகும். மஞ்சளில் இருக்கிற பினைல்எப்ரின் மூக்கடைப்புக்காகச் சேர்ப்பது, அதுவும் பிரஷரை ஏற்றக்கூடியது.

31 வருஷம் கவுண்டரில் நின்றவன் நான். இதே மாதிரி கத்தரியால் வெட்டி, கவரில் போட்டு எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். என் மனைவிக்கு ஒரு தை மாதம் சளியும் உடம்பு வலியும். அவளுக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. நானே என் கையால் ஐந்து நாள் வலி மாத்திரை கொடுத்தேன். கால் வீங்கியது. ரத்தம் பார்த்தபோது, சிறுநீரகம் திணறினால் ஏறுகிற கிரியேட்டினின் அளவு 0.9-லிருந்து 2.1 ஆகியிருந்தது. நிறுத்தியபின் மூன்று வாரத்தில் இறங்கியது. அந்த மூன்று வாரமும் நான் தூங்கவில்லை. அன்றிலிருந்து பெயர் தெரிகிற மாதிரிதான் வெட்டுவேன், வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

இப்போது மூன்றையும் நிறுத்துங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் இன்றே டாக்டரிடம் போங்கள். அட்டைத் துண்டு, டோலோ அட்டை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போய் எத்தனை போட்டார் என்று சொல்லுங்கள். ஈரலுக்கும் கிரியேட்டினினுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், சாப்பிடவில்லை என்பதைச் சொல்லிக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ சிறுநீர் குறைந்தாலோ நேராக அவசரப் பிரிவுதான்.

தொண்டைக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும். வலி மாத்திரை எதுவும் சளியைச் சீக்கிரம் போக வைக்காது. வலியையும் காய்ச்சலையும் தணிக்கும், அவ்வளவுதான். மூச்சுத் திணறினாலோ எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ காத்திருக்கக் கூடாது.

பதில்: காட்பாடி அம்மா

சார், இதைப் படித்துவிட்டு என் பையனின் பாராசிட்டமால் சிரப்பை எடுத்துப் பார்த்தேன். பழைய பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், புதியதில் 250. இரண்டுக்கும் ஒரே மூடி அளவுதான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பதில்: பழைய பார்மசிஸ்ட், வேலூர்

நல்லவேளை பார்த்தீர்களம்மா. குழந்தைக்கு எடைதான் கணக்கு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. பையன் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவை எழுதி வாங்குங்கள். ஒரு பாட்டிலை மட்டும் வீட்டில் வையுங்கள்.

பதில்: குடியாத்தம் தறிக்காரன்

தறியை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட் நாளைக் காலை. டாக்டர் எல்லா மாத்திரையையும் மேஜையில் பரப்பி, நீங்கள் போட்ட அதே கணக்கைப் போட்டார் சார். வயிற்றுக்கு ஒரு மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார். இப்போதுதான் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.