கராமாவில் ஒரு புது பிலிப்பினோ கடை: போய்வந்த கதை, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கராமா, துபாய்

எங்கள் கட்டடத்துக்குப் பின்தெருவில், முன்பு தையல்கடை இருந்த இடத்தில், ஒரு பிலிப்பினோ சாப்பாட்டுக் கடை திறந்து மூன்று வாரம் ஆகிறது. எட்டே மேஜை. கல்லாவுக்குப் பக்கத்தில் காய்ந்த மாம்பழப் பொட்டலங்கள் தொங்குகின்றன. துபாய்க்கு வந்து ஒன்பது வருஷமாகப் பிலிப்பினோக்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். தினமும் மதியம் அவர்கள் "குமாயின் கா நா?" என்று கேட்பார்கள். நம் "சாப்டாச்சா?" தான் அது, அதே குரல், அதே அக்கறை. ஆனால் அவர்கள் சாப்பாட்டை நான் ஒருநாளும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அது எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அலுவலகத்து அக்கா ஒருவர் கூட்டிப்போனார். அவரை நாங்கள் எல்லாரும் "ஆத்தே" என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். அண்ணனுக்கு "குயா". கடையில் சோறு போடுகிற பையனையும் "குயா" என்றே அழைக்கிறார்கள். நம்மூர் மெஸ்ஸில் "அண்ணே, கொஞ்சம் ரசம்" என்போமே, அப்படி.

இந்த மாதிரிக் கடைகளுக்கு "தூரோ தூரோ" என்று பெயர். தூரோ என்றால் சுட்டிக்காட்டுவது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ட்ரேக்கள். விரலை நீட்டினால் தட்டில் வைத்துவிடுவார்கள். மெனுவைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலையே இல்லை என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் வசதி. நான் இறால் சினிகாங்கையும் கோழி அடோபோவையும் காட்டினேன். ஆத்தே காரே காரே வாங்கிக்கொண்டார்.

சினிகாங் என்பது புளித்தண்ணீர்க் குழம்பு. புளியங்காயை வேகவைத்துப் பிசைந்த சாறு, அதில் முள்ளங்கி, காராமணிக்காய், வள்ளைக்கீரை, கீறாத முழுப் பச்சைமிளகாய். சேப்பங்கிழங்கு கரைந்து சாறு லேசாகக் கெட்டிப்பட்டிருந்தது. மஞ்சள் இல்லை, தாளிப்பு இல்லை. வாயில் வைத்ததும் நாக்கின் இரண்டு ஓரமும் கூசியது. அம்மா வைக்கும் புளிரசம் சட்டென்று ஞாபகம் வந்தது. ஆனால் அடுத்த கரண்டியிலேயே, உப்பு கம்மி, உறைப்பே இல்லை என்று தோன்றியது. முகத்தைப் பார்த்தே ஆத்தே கண்டுபிடித்துவிட்டார்.

மேஜையில் இருந்த ஒரு சின்னக் கிண்ணியை என் பக்கம் நகர்த்தினார். அதில் மீனை உப்பில் புளிக்கவைத்து எடுத்த மீன் சாறு கொஞ்சம் விட்டார். அதன் பெயர் பாத்தீஸ். கோலிக்குண்டு அளவில் ஒரு எலுமிச்சை, காலமான்சி என்பார்கள், அதை விரலாலேயே பிழிந்தார். இரண்டு ஊசிமிளகாயைப் போட்டு ஸ்பூனின் முதுகால் நசுக்கினார். "இறாலை இதில் தொட்டுச் சாப்பிடு" என்றார். தொட்டேன். சாப்பாடே மாறிவிட்டது. புளிப்புக்கு மேல் உப்பு, அதற்கு மேல் காரம், கடைசியில் அந்த எலுமிச்சையின் வாசம்.

இதற்கு "சௌசாவன்" என்று பெயராம், தொட்டுக்கொள்வது. சமையல்காரர் பாதியில் நிறுத்துகிறார், மீதியைச் சாப்பிடுகிறவர் முடிக்கிறார். ஒவ்வொருவர் கிண்ணியும் ஒவ்வொரு மாதிரி. மீன் பொரித்தால் பூண்டு போட்ட வினிகர், சுட்ட இறைச்சிக்கு சோயாவும் காலமான்சியும். "பிலிப்பினோ சாப்பாடு சப்பென்று இருக்கும்" என்று நம்மவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் நம்பியிருந்தேன். அந்தக் கிண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தவர்கள் சொன்ன பேச்சு அது என்று இப்போது தெரிகிறது. சட்னி, சாம்பார் இல்லாமல் இட்லியை மட்டும் தின்றுவிட்டுத் தீர்ப்பு சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

காரே காரேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாட்டுவாலும் குடலும் நெடுநேரம் வெந்து, வறுத்த வேர்க்கடலை விழுதும் வறுத்த அரிசிமாவும் சேர்ந்த கெட்டிக் குழம்பு. உள்ளே வாழைப்பூ, கத்திரிக்காய். குழம்பில் உப்பே கிடையாது. பக்கத்தில் கூனி இறாலைப் புளிக்கவைத்த ஒரு விழுது, பகோஓங், கருஞ்சிவப்பாக ஒரு கரண்டி. உப்பெல்லாம் அதில்தான். பெயரைக் கேட்டதும் "கறியா?" என்றேன். ஆத்தே சிரித்துவிட்டு அவர் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொன்னார். 1762-இல் பிரிட்டிஷ்காரர்கள் மணிலாவைப் பிடித்தபோது, சென்னையிலிருந்து போன படையில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பினார்கள். சிப்பாய்கள் சிலர் திரும்பாமல் கைன்தா என்ற ஊரில் அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். அவர்கள் கறிக்காக ஏங்கி, கிடைத்ததைப் போட்டுச் செய்ததுதான் காரே காரே என்று ஒரு கதை உண்டாம். பம்பாங்கா மாகாணத்துக்காரர்கள் இல்லவே இல்லை, எங்களுடையது என்பார்களாம். சிப்பாய்கள் தங்கியது வரலாறு. குழம்புக் கதை எவ்வளவு நிஜமோ, ஊரைவிட்டு வந்தவள் என்பதால் எனக்கு அதைக் கேட்டதும் தொண்டை அடைத்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். அடோபோ ஆறிப்போயிருந்தது. வினிகரும் சோயாவும் பூண்டும் மிளகும் ஊறிய அந்தக் கோழி சூடாக இருந்திருந்தால் அதைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருப்பேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 58 திர்ஹாம்.

நீங்கள் யாராவது போயிருக்கிறீர்களா? சொல்லுங்கள்.

*

அஜ்மான்

அக்கா, நல்ல பதிவு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்காக என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வேறொரு கடை, பெயர் வேண்டாம். அன்று வெள்ளிக்கிழமை. கண்ணாடிக்குப் பின்னால் பச்சைப்பயறுக் குழம்பு, மேலே பச்சைப்பசேலென்று முருங்கைக்கீரை. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், "நம்ம வீட்டுக் குழம்புடா" என்றார். "இறைச்சி இல்லையே?" என்று கேட்டேன், இல்லை என்றார்கள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அம்மாவின் ஸ்பூனில் சின்னதாக ஒரு இறால் வால். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அவர்கள் ஏமாற்றவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. கத்தோலிக்க வழக்கப்படி வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கிறவர்களுக்கான குழம்பு அது. அவர்கள் கணக்கில் இறாலும் மீனும் இறைச்சி இல்லை. ஆகையால் "இறைச்சி இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். இறால், மீன் சாறு, பகோஓங் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பினாக்பெத் என்ற காய்கறிக் கூட்டிலும் பகோஓங் இருக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்தாங் தலோங் கேட்கலாம். கத்திரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து, நசுக்கி, முட்டையில் தோய்த்துப் போடும் அடை. சில இடத்தில் கொத்திய இறைச்சியும் வைப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

*

தவாவில் படித்தவன், இப்போது திருச்சி

நான் மருத்துவம் படித்தது பிலிப்பைன்ஸில் இருக்கும் தவா நகரத்தில். நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருந்தோம். தமிழ்ச் சாப்பாடு போடும் மெஸ்ஸும் இருந்தது. அதனால் முதல் வருஷம் முழுக்க வெளியே எதையும் தொடவில்லை.

இரண்டாம் வருஷம் காய்ச்சலில் படுத்தேன். வீட்டுக்காரப் பாட்டி ஒரு பாத்திரத்தோடு வந்தார். இஞ்சி நிறையத் தட்டிப்போட்ட கோழிச் சாறு, பச்சைப் பப்பாளித் துண்டுகள், மேலே முருங்கைக்கீரை. தினோலா. முருங்கைக்கீரையை அவர்கள் "மலுங்காய்" என்கிறார்கள். சொல்லைக் கேட்டாலே சொந்தம் மாதிரி இல்லையா? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதையேதான் கொடுக்கிறார்கள், நம் பாட்டிமார் மாதிரியே. அன்று அந்தச் சாற்றைக் குடித்துவிட்டுத்தான் தூங்கினேன். அதற்குப் பிறகு தெருமுனைக் கடையில் "மங்காவோன் தா" என்று கூப்பிட்டால் மறுத்ததில்லை. வாங்க சாப்பிடலாம் என்று அர்த்தம். தட்டில் கை வைத்தவர்கள் தெருவில் போகிறவரைப் பார்த்துக்கூடச் சொல்வார்கள்.

இன்னொன்று. கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் 16 முதல் 24 வரை, மாதா கோயில்களில் விடிகாலைப் பூசை. நாலு மணிக்கு மணி அடிக்கும். கோயில் வாசலில் மூங்கில் குழாயில் ஆவி பறக்க ஊதா நிறத்தில் ஒன்றை வேகவைத்துத் தட்டுவார்கள், பூத்தோ பும்போங். மேலே வெண்ணெய், துருவிய தேங்காய், நாட்டுச்சர்க்கரை. குழல்புட்டேதான், ஒட்டரிசி சேர்ப்பதால் கொஞ்சம் பிசுக்கென்று இருக்கும். நம் மார்கழி பிறப்பதும் அந்த நாளை ஒட்டித்தான். அந்தக் குளிரில்லாத ஊரில் இருட்டோடு எழுந்து வாழையிலைத் துண்டில் அதை வாங்கிக்கொண்டு நின்றபோது, ஸ்ரீரங்கத்தில் அப்பாவோடு வரிசையில் நின்று வாங்கிய பொங்கல் நினைவுக்கு வந்தது.

அக்கா, அந்தக் கடையில் டிசம்பரில் இது போடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் துபாய் வருகிறேன்.

*

சிங்கப்பூர்

ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டில் சமைத்த பெண்கள் அன்று ஒருநாள் மற்றவர் கைச் சமையலைச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டு வேலைகளைப் பார்க்கும் அக்கா தன் பிறந்தநாளுக்கு என்னையும் மகளையும் அங்கே அழைத்துப்போனார். பன்சித் நூடுல்ஸ். நீளமாக இருந்தால் ஆயுசும் நீளமாம், வெட்டக் கூடாதாம். என் மகள் வெட்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஹாலோ ஹாலோ, சீவிய பனிக்கட்டிக்குள் பலாச்சுளை, ஜவ்வரிசி, இனிப்புப் பயறு, ஊதாக் கிழங்கு, பால். ஏழு வருஷமாக எங்களுக்குப் பரிமாறியவர் அன்று எங்களை உட்காரவைத்து அவர் காசு கொடுத்தார். நான் பணத்தை எடுத்தபோது கோபித்துக்கொண்டார். வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும் என்று அன்று வெட்கப்பட்டேன்.

*

கராமா, துபாய் (மறுபடியும் நான்தான்)

எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று இரவு தனியாகப் போனேன். சிங்கப்பூர்த் தோழியின் கடைசி வரி மனதில் இருந்தது.

பூத்தோ பும்போங் டிசம்பரில் உண்டு என்றார்கள், தம்பி, தைரியமாக வாருங்கள். பச்சைப்பயறில் இறால் போடுகிறார்களா என்றும் கேட்டேன். ஆமாம், போடுகிறோம், முன்னாலேயே சொன்னால் இறாலும் மீன் சாறும் இல்லாமல் தனியாகச் செய்து தருகிறோம் என்றார் சமைக்கிற அம்மா. அஜ்மான் தம்பி கவனிக்கவும்.

அடோபோ இந்த முறை கொதிக்கக் கொதிக்க வந்தது. பூண்டுச் சோற்றில் அந்தச் சாற்றை ஊற்றிப் பிசைந்து, ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் ஒரு வயதானவர் என்னைப் பார்த்துவிட்டு, அவரும் ஸ்பூனை வைத்துவிட்டுக் கையைக் கழுவி வந்தார். "கமாயான்" என்றார். கையால் சாப்பிடுவதற்கு அவர்கள் சொல். பிறகு தான் கலந்து வைத்திருந்த கிண்ணியை என் மேஜைக்குத் தள்ளினார். மிளகாய் மூன்று போட்டிருந்தார்.