ஸ்ட்ரெச்டு கிளஸ்டரில் வி.சான் லிங்க் விழுந்தும் ஹோஸ்ட் ஐசொலேட்டட் ஆகவில்லை, ஒரே வி.எம் இரண்டு இடத்தில் ஓடுகிறது

கேள்வி:
வணக்கம். எங்களுடையது வி.எம்வேர் ஸ்ட்ரெச்டு கிளஸ்டர் (இரண்டு இடங்களில் பரவிய ஒரே சர்வர் கூட்டம்): இரண்டு சைட், சைட்டுக்கு 4 ஈ.எஸ்.எக்ஸ்.ஐ ஹோஸ்ட் (வி.எம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்), மூன்றாவது இடத்தில் விட்னஸ் (சைட்கள் பிரிந்தால் எது தொடரும் என்று தீர்மானிக்க உதவும் மூன்றாவது ஓட்டு). வி.சான் (ஹோஸ்ட்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பொது ஸ்டோரேஜாகத் தருவது) டிராஃபிக் வி.எம்.கே2 என்ற ஹோஸ்ட் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் போகிறது; இரண்டு சைட்டுக்கும் ஒரே சப்நெட் 172.16.20.0/24, அதற்கு கேட்வே கிடையாது. மேனேஜ்மென்ட் வி.எம்.கே0, தனி சுவிட்ச். முதல் சைட்டில் ஒரு ஹோஸ்டின் வி.சான் அப்லிங்க் இரண்டும் போய்விட்டன. அதன் வி.எம்.கள் மற்ற ஹோஸ்ட்களில் எழுந்தன. ஆனால் பழைய ஹோஸ்டிலும் அவை அணையாமல் அதே ஐ.பி-யில் பிங்குக்குப் பதில் சொல்கின்றன. ஐசொலேஷன் ரெஸ்பான்ஸ் (நெட்வொர்க்கில் தனித்துப்போன, அதாவது ஐசொலேட்டட் ஆன ஹோஸ்ட் தன் வி.எம்.களை என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) 'பவர் ஆஃப் அண்ட் ரீஸ்டார்ட் வி.எம்ஸ்' என்றுதான் வைத்திருக்கிறோம். எச்.ஏ-யின் (ஹோஸ்ட் விழுந்தால் வி.எம்.களை வேறு ஹோஸ்டில் எழுப்பும் வசதி) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் காலி.

பதில் 1:
காலியாக இருப்பதுதான் காரணம் சார். வி.சான் கிளஸ்டரில் எச்.ஏ ஹார்ட்பீட் (ஹோஸ்ட் உயிரோடு இருப்பதைக் காட்டும் தொடர் சமிக்ஞை) வி.சான் நெட்வொர்க் வழியாகப் போகிறது. ஆனால் ஐசொலேஷன் அட்ரஸ் (தான் தனித்துப்போனதா என்று சோதிக்க ஹோஸ்ட் பிங் செய்யும் முகவரி) மட்டும், நீங்கள் மாற்றாதவரை, மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கின் கேட்வேதான். உங்கள் ஹோஸ்டுக்கு ஹார்ட்பீட் நின்றது, எலெக்ஷன் (மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும்) டிராஃபிக்கும் வரவில்லை, உடனே கேட்வேயைப் பிங் செய்தது. மேனேஜ்மென்ட் சுவிட்ச் நன்றாக இருப்பதால் பதில் வந்தது. பதில் வந்தால் ஐசொலேட்டட் இல்லை என்று முடிவு. ரெஸ்பான்ஸ் தொடங்கவே தொடங்காது. மாஸ்டருக்கோ (மற்ற ஹோஸ்ட்களைக் கண்காணித்து எச்.ஏ-யை நடத்தும் ஹோஸ்ட்) அந்த ஹோஸ்ட் செத்த கணக்கு, அதனால் வி.எம்.களை வேறு இடத்தில் எழுப்பியது.

வி.சான் வி.லேனில் சைட்டுக்கு ஒரு எஸ்.வி.ஐ (சுவிட்சுக்கே அந்த வி.லேனில் கொடுக்கும் ஐ.பி இன்டர்ஃபேஸ்) போடுங்கள், உதாரணமாக 172.16.20.251 முதல் சைட் சுவிட்சில், .252 இரண்டாவதில். பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில்:

டாஸ்.யூஸ்டிஃபால்ட்ஐசொலேஷன்அட்ரஸ் = ஃபால்ஸ்
டாஸ்.ஐசொலேஷன்அட்ரஸ்0 = 172.16.20.251
டாஸ்.ஐசொலேஷன்அட்ரஸ்1 = 172.16.20.252

முதல் வரியை விட்டுவிட்டால் பழைய கேட்வேயும் பட்டியலில் நிற்கும். எது ஒன்று பதில் சொன்னாலும் ஐசொலேஷன் இல்லை, ஆகவே மற்ற இரண்டும் வீண். இன்னொரு ஹோஸ்டின் வி.சான் ஐ.பி-யைப் போட்டுவிடாதீர்கள்: அந்த ஹோஸ்ட் தன்னையே பிங் செய்து என்றைக்கும் ஐசொலேட்டட் ஆகாது. வி.சென்டர் (கிளஸ்டரை நிர்வகிக்கும் சர்வர்) ஐ.பி-யும் வேண்டாம், அதுவே இந்த கிளஸ்டரில் ஓடும் வி.எம்-ஆக இருக்கலாம்.

வி.சான் டேட்டாஸ்டோரை ஹார்ட்பீட் டேட்டாஸ்டோராக (நெட்வொர்க் போனாலும் ஹோஸ்ட் உயிரோடு இருப்பதைக் காட்டும் பொது ஸ்டோரேஜ்) எடுக்க முடியாது. ஹார்ட்பீட் டேட்டாஸ்டோர் போதாது என்ற எச்சரிக்கை தொல்லை தந்தால் டாஸ்.இக்னோர்இன்சஃபிஷியன்ட்எச்பிடேட்டாஸ்டோர் = ட்ரூ. மாற்றும்போது ஹோஸ்ட் மானிட்டரிங்கை நிறுத்தி, பின் ஒவ்வொரு ஹோஸ்டிலும் 'ரீகான்ஃபிகர் ஃபார் வி.ஸ்பியர் எச்.ஏ' கொடுத்து, மறுபடி இயக்குங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கூடவே ஒவ்வொரு ஹோஸ்டிலும் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் வி.சான்.ஆட்டோடெர்மினேட்கோஸ்ட்வி.எம் (1 என்றால், டிஸ்க்கை இழந்தும் ஓடும் பழைய பிரதியை வி.சானே அணைக்கும்) என்ன மதிப்பில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
எல்லாவற்றிலும் 0. அட்ரஸ்களைப் போட்டாகிவிட்டது. ஆனால் இரண்டாவது சைட் ஹோஸ்ட்கள் நான்கிலும் ஐசொலேஷன் அட்ரஸ் 172.16.20.251-ஐ எட்ட முடியவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. வி.சான் ஹெல்த் பச்சை.

பதில் 2:
ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் டிராஃபிக் ஓடுகிறது, சுவிட்ச் மட்டும் பதில் சொல்லவில்லை என்றால் சந்தேகம் சுவிட்ச் மேல்தான். ஹோஸ்டில் எஸ்.எஸ்.எச் போய், வி.எம்.கே.பிங் கட்டளையில் இன்டர்ஃபேஸாக வி.எம்.கே2-ஐக் குறிப்பிட்டு .251-ஐப் பிங் செய்யுங்கள். இன்டர்ஃபேஸைச் சொல்லாவிட்டால் எந்த வழியாகப் போனது என்று தெரியாது. எஸ்.வி.ஐ-யில் ஐ.சி.எம்.பி-யை (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) தடுக்கும் ஏ.சி.எல் (எந்த டிராஃபிக்கை விடலாம் என்ற விதிப் பட்டியல்) இருக்கிறதா, கண்ட்ரோல் பிளேன் பாலிசிங்கில் (சுவிட்சின் சொந்த பிராசஸருக்கு வரும் டிராஃபிக்குக்கான வரம்பு) பாக்கெட் விழுகிறதா பாருங்கள். அலட்சியம் வேண்டாம்: தன் சைட்டின் எஸ்.வி.ஐ மெயின்டனன்ஸில் இருக்கும் நேரம், எதிர் சைட் அட்ரஸ் ஒன்றுதான் அந்த ஹோஸ்டுக்குத் துணை.

ஆட்டோடெர்மினேட் மதிப்பு கடைசியில் 1 ஆக வேண்டும். சோதனை முடியும்வரை 0-ஆகவே விடுங்கள், இல்லையென்றால் வி.எம்-ஐ எச்.ஏ அணைத்ததா வி.சான் அணைத்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

சோதனையை சுவிட்சில் அந்த ஹோஸ்டின் வி.சான் போர்ட் இரண்டையும் ஷட் செய்து நடத்துங்கள். மாஸ்டர் அல்லாத ஹோஸ்ட் என்றால் 30-ஆம் வினாடி வாக்கில் ஐசொலேட்டட் என அறிவித்து, 60-இல் வி.எம்.களை அணைக்கும். மாஸ்டர் என்றால் 5-ஆம் வினாடியில் அறிவிப்பு, 35-இல் அணைப்பு. ஹார்ட்பீட் டேட்டாஸ்டோர் இல்லாததால் மற்ற பக்கம் அதற்கு முன்பே ரீஸ்டார்ட்டைத் தொடங்கிவிடும். சில வினாடி இரண்டு பிரதியும் தெரிவது இயல்பு. பழையதற்கு டிஸ்க் இல்லை, எழுத முடியாது. 'ஷட் டவுன்' ரெஸ்பான்ஸ் இங்கே உதவாததும் அதனால்தான்: டிஸ்க் இல்லாத கெஸ்ட் ஒழுங்காக இறங்காது, காலக்கெடுவான 300 வினாடியும் ஓடிவிடும்.

கேட்டவர்:
ஏ.சி.எல்-தான். ஐ.சி.எம்.பி-யை அனுமதித்ததும் எச்சரிக்கை போனது. சோதனையில் ஹோஸ்ட் ஐசொலேட்டட் ஆனது, 11 வி.எம்-இல் 9 அணைந்தன. இரண்டு மட்டும் அப்படியே ஓடுகின்றன.

பதில் 1:
கிளஸ்டரின் கான்ஃபிகர் பக்கத்தில் 'வி.எம் ஓவர்ரைட்ஸ்' திறந்து பாருங்கள். வி.எம் அளவில் ஐசொலேஷன் ரெஸ்பான்ஸ் 'டிசேபிள்டு' என்றிருந்தால் கிளஸ்டர் அமைப்பு அதைத் தொடாது.

கேட்டவர்:
இரண்டும் அங்கே இருந்தன. நீக்கிவிட்டு மறுபடி சோதித்தேன், 11-உம் அணைந்தன. ஆட்டோடெர்மினேட் எட்டு ஹோஸ்டிலும் 1 ஆக்கியாயிற்று. நன்றி.