ஓட்டுச்சாவடிக்குப் போகும் முன் எங்கள் தெருவாசிகளுக்கு என்ன உதவி செய்யலாம்?

தெருமுனை கேட்டது:

எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு வந்தவர்கள், மீதியில் வயதானவர்கள் அதிகம். சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே நாலு பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம். கட்சி சார்பு கிடையாது. விழிப்புணர்வு நோட்டீஸ், ஒரு வாட்ஸ்அப் குரூப், அன்றைக்குப் பெரியவர்களை அழைத்துப்போக ஆட்டோ. இவ்வளவுதான் இப்போதைக்கு யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:

தம்பி, சர்வீஸில் இருந்தவரை தேர்தல் வந்தாலே எனக்கு டூட்டிதான். நோட்டீஸை விடுங்கள். ஓட்டுப் போடுவது கடமை என்று தெரியாததால் யாரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. கார்டோடு வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பிப் போகிறார்களே, அதுதான் கொடுமை. ஒரு அம்மா கார்டை மேசைமேல் வைத்து, "இதுல என் போட்டோ இருக்கே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போட்டோ இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. வீடு மாறியவர், புது முகவரிக்குப் பதியவில்லை. அந்த நேரத்தில் கலெக்டரே வந்தாலும் சேர்க்க முடியாது. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியலை மூடிவிடுவார்கள்.

அதனால் போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் கார்டு எண்ணைப் போட்டால் பாகம் எண், வரிசை எண், சாவடி எல்லாம் வந்துவிடும். நெட் வராவிட்டால் 1950க்குப் போன் போடுங்கள். பெயர் இல்லாதவர்களுக்குப் படிவம் 6. வீடு மாறியவர், எழுத்துப் பிழை உள்ளவர், கார்டு தொலைத்தவர், மூவருக்கும் படிவம் 8தான். பிள்ளைகள் 18 ஆவதற்கு ஜனவரி 1 மட்டும்தான் கணக்கு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் உண்டு.

படிவம் 7 பக்கம் மட்டும் போகாதீர்கள். அது பெயரை நீக்குவதற்கு. நல்ல எண்ணத்தில் செய்தாலும் தெருச் சண்டையில் முடியும். இறந்தவர் பெயரை அந்த வீட்டாரே கொடுக்கட்டும்.

நிழற்குடை:

வாத்தியார் சொன்னதோடு ஒன்று. 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனச் சான்றிதழ் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார். என் மாமியாருக்கு அப்படித்தான் நடந்தது. தபால் ஓட்டு அனுமதியானால் அப்புறம் சாவடியில் போட முடியாது, அதையும் சொல்லிவிடுங்கள். "எல்லாரையும் பார்க்கலாமே, நேரிலேயே போறேன்" என்று அடம்பிடிக்கிற பாட்டிகள் உண்டு!

தெருமுனை:

நன்றி சார், நன்றி அக்கா. நோட்டீஸை விட்டாச்சு. ஆட்டோ சரிதானே?

பழைய வாத்தியார்:

வேட்பாளரோ ஏஜெண்டோ, அவர்கள் சம்மதத்தோடு வேறு யாருமோ வாக்காளரை இலவசமாக ஏற்றிவர வண்டி அமர்த்தினால் அது தேர்தல் குற்றம். உங்கள் கைக்காசு என்றால் அந்தச் சட்டத்தில் வராது. ஆனாலும் கட்சிக்காரர் யாராவது "பெட்ரோல் நான் போடறேன்" என்று வருவார். கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். வண்டியில் கொடி, ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம்.

கண் தெரியாதவர், பட்டனை அழுத்த முடியாத அளவுக்கு உடம்பு முடியாதவர், இவர்களோடு 18 வயது நிறைந்த ஒருவர் உள்ளே போகலாம். ஆனால் ஒரே ஆள் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை. நீங்கள் நாலு பேர்தானே, யாருக்கு யார் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதது மட்டும் இதற்குக் காரணம் ஆகாது.

பூத் சிலிப்பை மட்டும் கொண்டுவந்தால் உள்ளே விடமாட்டோம். கார்டு இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, இப்படி ஏதாவது ஒன்று வேண்டும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. வருடா வருடம் இதே வாக்குவாதம்.

நிழற்குடை:

நம் பெயரில் வேறு யாராவது போட்டுவிட்டுப் போயிருந்தால்?

பழைய வாத்தியார்:

சத்தம் போடாமல் 49பி (49P) விதிப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கேளுங்கள். விசாரித்து, நீங்கள்தான் என்று தெரிந்தால் மெஷினில் விடமாட்டோம், தாள் ஓட்டுச்சீட்டு தருவோம். அது தனி உறையில் போகும்.

வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறவர்களிடமும் ஒன்று சொல்லுங்கள். முடிகிற நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும். கடைசியில் நிற்பவரிடமிருந்து ஆரம்பித்து முன்னோக்கி டோக்கன் கொடுத்துவருவோம். அவருக்குப் பின்னால் யாரும் சேர முடியாது, அவருக்கு முன்னால் நிற்பவர் எல்லோரும் எத்தனை மணி ஆனாலும் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.