தந்தத்தில் தீட்டிய படை அதிகாரியின் சிற்றோவியம்

கேள்வி (மதுரை): எங்கள் பாட்டனாரின் பெட்டியில், சிவப்புக் கோட்டும் பொடி பூசிய முடியுமாக ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரியைத் தந்தத் தகட்டில் தீட்டிய, உள்ளங்கைக்குள் அடங்கும் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம் இருக்கிறது, ஓரத்தில் உள்ள எழுத்துகளைக் கொண்டு ஓவியரை அறிய முடியுமா?

மறுமொழி: முடியும், ஐயா. 1785 முதல் 1795 வரை சென்னையில் வரைந்த ஜான் ஸ்மார்ட், தம் முதலெழுத்துகளோடு இந்தியாவைக் குறிக்கும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்துக் கையொப்பமிட்டார். சிவப்புக் கோட்டை மட்டும் வைத்து பிரிட்டிஷ் மன்னர் படை என்று முடிவு செய்ய வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரும் அதையே அணிந்தனர். பொத்தான்களையும் கழுத்துப்பட்டியின் நிறத்தையும் பாருங்கள்.

மற்றொரு மறுமொழி: தயவுசெய்து கண்ணாடியைத் திறந்து துடைக்காதீர்கள். நீர்வண்ணம் என்பதால் ஈரத்துணி பட்டாலே முகம் கரைந்துவிடும். மெல்லிய தந்தமோ மதுரை வெயிலின் வறட்சியில் வளைந்து வெடிக்கும். இருண்ட அலமாரியே நல்லது. தந்த விற்பனை நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேட்டவர்: விற்கும் எண்ணமே இல்லை. பொத்தான்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்து எழுதுகிறேன்.