ஆஸ்பத்திரிக் கட்டடம்: உங்களால் மறக்க முடியாதது எது?

நைட் ட்யூட்டி சிஸ்டர்:
புதுக் கட்டடத்துக்கு வார்டு மாறிய புதிது. டயாலிசிஸ் முடிந்து வந்த பெரியவர் ராத்திரி பாத்ரூம் போனார், உள்ளேயே மயங்கி விழுந்துவிட்டார். தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. ஆனால் கதவு உள்பக்கம் திறப்பது. அவர் உடம்பே அதற்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. வேகமாகத் தள்ளினால் தலையில் இடிக்கும். ஒரு சாண் இடுக்கில் அவர் விரல்கள் மட்டும் தெரிந்தன, லேசாக அசைந்துகொண்டு. ஒல்லியான பயிற்சி மாணவி ஒருத்தி நுழைந்து அவரை நகர்த்தினாள். பிழைத்துக்கொண்டார். இப்போதும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் பாத்ரூம் கதவைத்தான் பார்க்கிறேன்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன்:
எங்கள் இடத்தில் லிஃப்ட். டிராலி போகும், ஐ.சி.யூ. கட்டில் போகாது. ஸ்கேனுக்கு இறக்கும்போதெல்லாம் லிஃப்ட் வாசலில் கட்டிலிலிருந்து டிராலிக்கு மாற்ற வேண்டும், ஆக்சிஜன் சிலிண்டர், டிரிப் எல்லாவற்றோடும். ஒரு அம்மா புருஷனுக்கு டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டார்: “இந்தக் கட்டில மேல எப்படிப்பா ஏத்துனீங்க?” கழற்றிப் படி வழியாகத் தூக்கிப் போனோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

சைட் இன்ஜினியர்:
கதவு உள்பக்கம் திறப்பதுதான் தப்பு என்கிற மாதிரி சிஸ்டர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கவிட்டால் வராண்டாவில் போகிறவர் மேல் இடிக்கும். செய்ய வேண்டியது இது: கதவைச் சுவருக்குள் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் தள்ளுகதவு போடுங்கள். அகலம் 900 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற மாதிரி இருக்கட்டும். கைப்பிடிக் கம்பியை ஆடாதபடி சுவரில் இறுக்குங்கள். கட்டில் போகிற லிஃப்டுக்கு உள் ஆழம் 2400 மி.மீ. வேண்டும். சாய்தளம் 1:12, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதற்கு மேல் செங்குத்தாக வேண்டாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில், இன்னொரு கட்டில் போட வேண்டும் என்று முதலாளி பாத்ரூமைச் சுருக்கச் சொன்னார். சுருக்கினோம்.

நைட் ட்யூட்டி சிஸ்டர்:
சார், தாழ்ப்பாளே போடவில்லை என்றுதானே எழுதியிருக்கிறேன்? நாணயத்தால் எதைத் திறப்பது? தள்ளுகதவு சரி, அது இருந்திருந்தால் போதும்.

ஆர்க்கிடெக்சர் வாத்தியார்:
எனக்கு ஆபரேஷன் ஆனபோது கண்ணுக்கு நேர் மேலே டியூப்லைட். கண்ணை மூடினாலும் சிவப்பாகத் தெரியும். வருடக்கணக்காக மாணவர்களுக்குப் பாடம் எடுத்த பைமியோ ஞாபகம் வந்தது. பின்லாந்தில் அல்வார் ஆல்டோ வடிவமைத்து 1933-ல் திறந்த காசநோய் மருத்துவமனை. நோயாளி நாள் முழுக்கப் படுத்தே கிடப்பவர் என்பதால், விளக்கு நேராகக் கண்ணில் படாமல் வைத்தார், கூரைக்கு அடங்கிய நிறம் பூசினார். பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடாதபடி சத்தமில்லாமல் தண்ணீர் விழும் கைகழுவும் தொட்டிகூடச் செய்தார். 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வும் உண்டு: பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. என் ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஷெட்.

அம்மாவுக்குத் துணை:
வாத்தியாருக்கு ஜன்னலாவது இருந்தது. நம் ஊரில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்: மேலே நோயாளி, கீழே பாய் விரித்துத் துணைக்கு வந்தவர். வரைபடத்தில் அந்த இரண்டாவது ஆள் இருப்பதே இல்லை. அம்மாவுக்குப் படுக்கைப்புண் வரக்கூடாதென்று காற்று மெத்தை போட்டிருந்தோம். நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்தவர் அதன் பிளக்கைப் பிடுங்கி செல்போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டார். வந்து பார்த்தால் மெத்தை சப்பிப்போய், அம்மா கட்டில் தகரத்தோடு ஒட்டிக் கிடக்கிறார். அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர் ஊரிலிருந்து போன் வரக் காத்திருந்தவர், அந்தச் சுவரில் இருந்ததும் அந்த ஒரு பிளக் பாயிண்ட்தான். இன்ஜினியர் சார், கட்டிலுக்கு எத்தனை பாயிண்ட் போடுகிறீர்கள்? துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்தா?