வீட்டில் துணிக்குச் சாயம்: கடுக்காயா, பாக்கெட்டா?

மாடித்தோட்டம்:
அப்பாவின் பழைய பருத்தி வேட்டியை வெட்டி மகளுக்கு இரண்டு பாவாடை தைத்தேன். ஒன்றுக்கு மஞ்சள், இன்னொன்றுக்கு பீட்ரூட் என்று கொதிக்க வைத்துச் சாயம் போட்டேன். வினிகரும் கல்லுப்பும் சேர்த்தால் நிறம் நிற்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னதால் அதையும் செய்தேன். பீட்ரூட் நிறம் முதல் அலசலிலேயே போய்விட்டது. மஞ்சள் பாவாடை சோப்பு பட்டதும் செங்கல் நிறத்துக்கு மாறியது, அலசியதும் பழையபடி மஞ்சளானது. நான்கு நாள் மாடிக் கொடியில் கிடந்தபின் இடுப்பு மடிப்புக்குள் மட்டும்தான் மஞ்சள் மிச்சம். கடைக்காரர் பாக்கெட் சாயம் வாங்கச் சொல்கிறார். குழந்தை போடுகிற துணி என்பதால் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

நூல்பாவு:
தயங்காமல் வாங்குங்கள். சாயப்பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் என்று கேட்டு வாங்குங்கள். 1956இல் சந்தைக்கு வந்த வகை இது. மற்ற சாயங்கள் நூலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். இது நூலோடு ரசாயனப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை. பச்சைத் தண்ணீரிலேயே பிடிக்கிற ‘கோல்டு’ வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஹாட்’ வகைக்குச் சூடு வேண்டும், வீட்டில் தொல்லை.

பிணைப்பு உண்டாகக் காரம் தேவை. அதற்கு வாஷிங் சோடாதான், ஆப்ப சோடா இல்லை. இந்த ஒரு தப்பை நிறையப் பேர் செய்துவிட்டு, சாயம் மட்டம் என்று திட்டுகிறார்கள். ஆப்ப சோடாவின் காரம் பச்சைத் தண்ணீரில் இதற்குப் போதாது.

கடுக்காய்:
மாடித்தோட்டம் அக்கா, நீங்கள் எடுத்துக்கொண்ட இரண்டு பொருளுமே தப்பு. அதை வைத்து இயற்கைச் சாயமே நிற்காது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பீட்ரூட் நிறம் பருத்தியில் நிற்கவே நிற்காது. மஞ்சள் பிடிக்கும், ஆனால் வெயிலைத் தாங்காது. வினிகரும் உப்பும் இந்த இரண்டுக்கும் எந்த உதவியும் செய்யாது.

பருத்திக்கு முதலில் துவர்ப்பு ஏற்ற வேண்டும். நூறு கிராம் துணிக்கு இருபது கிராம் கடுக்காய்ப் பொடி, வெந்நீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறட்டும். பிழிந்து காயவைத்தால் துணி வெளிர்மஞ்சளாக இருக்கும். அப்புறம் பதினைந்து கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் மறுபடி ஒரு ராத்திரி. துவர்ப்பைப் படிகாரம் பிடித்துக்கொள்ளும், படிகாரத்தைச் சாயம் பிடித்துக்கொள்ளும். இதன் பிறகு மாதுளைத் தோலில் போட்டுப் பாருங்கள், மஞ்சள் என்றால் என்ன என்று தெரியும்.

கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணி எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடுக்காய் ஊறிய துணி அது. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் நாள்கணக்கில் புளித்த மையைத் தொட்டுக் கோடு இழுத்தார்கள். இழுக்கும்போது கோடு வெறும் சாம்பல் நிறம்தான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண்ணெதிரே கறுத்தது. துணியில் இருந்த துவர்ப்போடு இரும்பு சேர்ந்த கறுப்பு அது, எத்தனை துவைத்தாலும் கிடக்கும்.

நூல்பாவு:
அந்தக் கறுப்பு நிற்கும். ஆனால் இரும்பு அதிகமானால் துணி நாளடைவில் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு மட்டும் ஓட்டையாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே.

இன்னொன்று. ‘இயற்கை’ என்று சொல்லிக்கொண்டு, நிறம் பிடிப்பதற்காக மயில்துத்தத்தையும் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் கரைத்துச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள். அதில் தோய்த்த துணி இயற்கையா?

சாயவேர்ச் செடியின் வேர் தரும் சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1868இலேயே செயற்கையாகச் செய்துவிட்டார்கள். நீலத்தை 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரி இலையிலிருந்து வரும் நீலமும் அந்த நீலமும் ஒரே மூலக்கூறு. துணிக்கு வித்தியாசம் தெரியாது.

கடுக்காய்:
டைகுரோமேட் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை அண்ணா. நான் படிகாரத்தையும் கொஞ்சம் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் தாண்டிப் போவதில்லை, யாரையும் போகச் சொல்வதும் இல்லை.

ஆனால் மூலக்கூறு ஒன்று என்பதோடு கதை முடிந்துவிடாது. அவுரி மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கிற பயிர். சாயம் எடுத்தபின் மிஞ்சும் சக்கையும் எருவாகிறது. திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அதை நம்பிப் பயிர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாக்கெட் சாயத்தின் மிச்சம் எங்கே போகிறது? திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் பிறந்தவள் நான். அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டியது. கடைசியில் சாயக்கழிவு கலந்த அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சும்மா இல்லையே. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது.

நூல்பாவு:
அதை நான் மறுக்க மாட்டேன். அந்தக் கிணறுகளை நானும் பார்த்தவன்தான். நொய்யலைக் கெடுத்ததில் பெரிய பங்கு உப்புக்கு. தொட்டியில் முக்கிப் போடும்போது லிட்டருக்கு ஐம்பது கிராம், சில அடர்நிறங்களுக்கு அதற்கும் மேலே உப்பு கொட்டுவோம், சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்காக.

வீட்டில் அது தேவையே இல்லை. துணியை வாஷிங் சோடாத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்துப் பிழியுங்கள். சாயத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, ஈரத்துணி மேல் நேரடியாக ஊற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். ஒரு துளி உப்பு வேண்டாம். ஆனாலும் கால்வாசிச் சாயம் பிடிக்காமல் அலசும்போது வரத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. அந்தத் தண்ணீரில் சோடாவும் இருக்கும், செடிக்கு ஊற்ற வேண்டாம்.

முக்கியமாக, பொடியைக் கரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள், மகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்து ஆஸ்துமா வந்த கூட்டாளி எனக்கு உண்டு. சமைக்கிற பாத்திரத்தை எதற்கும் எடுக்காதீர்கள், இயற்கைச் சாயத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முடிச்சு:
மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பாட்டி காலம்வரை சுங்குடி கட்டினார்கள், அதாவது துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுப்பது. பேச்சு முழுக்க நிறத்தைப் பற்றியே போகிறது, கட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லை. பாட்டி விரல் நுனியில் துணியைக் கிள்ளித் தூக்கி, நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு இழுப்பார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். பாட்டியின் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு கடைசிவரை இருந்தது. 2005இல் புவிசார் குறியீடு வந்தது சந்தோஷம்தான், ஆனால் இன்று கடையில் ‘சுங்குடி’ என்று விற்பதில் பெரும்பாலானது அச்சு. பாவாடையில் ஒரு வரிசையாவது நீங்களே கட்டிப் பாருங்கள். நூல் இறுக்கமாக இருந்தால்தான் புள்ளி வெள்ளையாக நிற்கும், அது எந்தச் சாயமானாலும்.

மன்னார்க்கரை:
சாயவேர் எண்டு மேலே சொன்னதால ஒரு வரி. எங்கட பக்கம் ஒல்லாந்தர் காலத்தில சாயவேர் கிண்டுறது அரசாங்கத்துக்கு வருமானம். வேர் மெல்லிசு, ஒரு துணிக்குக் கூடை கூடையாய் வேணும். இப்ப வீட்டில செய்யப் போறவை அதைத் தேடி காட்டுச் செடியைப் பிடுங்க வேண்டாம்.

மாடித்தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேட்டியின் மிச்சத்தை மூன்று துண்டாக்கி, ஒன்று மஞ்சள், ஒன்று கடுக்காய், படிகாரம், மாதுளைத் தோல், ஒன்று பாக்கெட் நீலம் என்று போட்டேன். ஒவ்வொன்றின் பாதியையும் அட்டைக்குள் மறைத்து தெற்கு ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். இன்று அட்டையை எடுத்தேன். மஞ்சள் துண்டில் வெயில் பட்ட பாதி வெறும் வேட்டி நிறம். மாதுளைத் தோல் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, அட்டையின் ஓரம் இருந்த கோடு தெரிகிறது, ஆனால் நல்ல மஞ்சள்தான். நீலத்தில் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முடிச்சு சொன்னபடி ஒரு வரிசை கட்டினேன், பதினாறில் ஒன்பது புள்ளிதான் தேறியது. பாவாடைக்கு மாதுளைத் தோலையே போடப் போகிறேன், மகளும் தோல் உரிக்கத் தயார். ஆனால் இன்னொரு பாவாடை ரோஸ் நிறத்தில்தான் வேண்டும் என்கிறாள்.

கடுக்காய்:
மஞ்சிட்டி, சிவப்புத் தரும் வேர் அது. அதே கடுக்காய், படிகாரம். கொதிக்க மட்டும் விடாதீர்கள், கை பொறுக்காத சூடு போதும், கொதித்தால் பழுப்பு வந்துவிடும்.

நூல்பாவு:
அந்த ரோஸுக்கு பாக்கெட்தான் அம்மா. மஞ்சிட்டியில் செங்காவிச் சாயல் கலந்துதான் வரும், குழந்தைகள் கேட்கிற ரோஸ் அது இல்லை. இரண்டையும் கைக்குட்டை அளவில் போட்டுக் காட்டுங்கள், அவளே எடுக்கட்டும்.